தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே

கொழும்பிலிருந்து இரத்தினபுரிக்குப் போகும் ஏ-4 வீதியில், அவிசாவளையைத் தாண்டியபின் வரும் பட்டணம் எஹலியகொட. சுற்றிலும் இறப்பர் தோட்டங்கள், வயல் ஓரங்களில் மாணிக்கக்கல் குழிகள். இப்படியான எந்தப் பட்டணத்திலும் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் ஒரு போட்டோப் பிரதிக் கடை இருக்கும். கடை மூலையில் ஏழெட்டு வயதான மேசைக் கணினி ஒன்றும் இருக்கும். காலையில் கடை திறக்கும்போது அது சத்தமில்லாமல் ஓடும். பத்து மணிக்கு மேல் விசிறி இரையத் தொடங்கும். மத்தியானம் ஆனதும் எழுத்துகள் தட்டத் தட்ட ஒவ்வொன்றாக ஊர்ந்து வரும். பிறகு ஒரு தருணத்தில், யாரோ ஒருவரின் வேலை விண்ணப்பத்தின் நடுவிலேயே, திரை இருண்டுவிடும்.

பெட்டியைத் திறந்து, விசிறியோடு சேர்ந்த உலோகக் கட்டியைத் தூக்கிப் பார்த்தால், அடியில் வெள்ளையாக ஏதோ காய்ந்து வெடித்துப் பழைய சுண்ணாம்புச் சுவர் போல உதிர்கிறது. இது என்ன அழுக்கு என்பது எல்லாரும் கேட்கும் முதற் கேள்வி. அது தொழிற்சாலையில் வேண்டுமென்றே பூசியது என்று தெரிந்ததும் இன்னொரு கேள்வி வருகிறது. மேலே செம்பு, கீழே செம்பு. செம்பு வெப்பத்தை நன்றாகக் கடத்தும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். இரண்டுக்கும் நடுவே செம்பைவிட நூறு மடங்கு மோசமாகக் கடத்தும் ஒரு சேற்றை யாராவது பூசுவார்களா?

மூன்றாவது கேள்வியைப் பழுது பார்க்கும் மேசைகளுக்கு முன்னால் நின்றால் கேட்கலாம்: "அண்ணே, பழசு மேலேயே புதுசைக் கொஞ்சம் பூசிவிட்டா போதாதா?"

போதாது. ஏன் போதாது என்று விளங்கிவிட்டால், எதைக் கொண்டு துடைக்க வேண்டும், எதைத் தொடவே கூடாது என்பதெல்லாம் தானாகவே விளங்கும்.

பலாப்பழத்தோடு பலாப்பழம்

கணினிக்குள் கணக்குப் போடும் சில்லு ஏறக்குறைய விரல் நகத்தளவு. அதைக் காக்க மேலே ஓர் உலோக மூடி இருக்கும். சாதாரண மேசைக் கணினியின் சில்லு முழு மூச்சில் வேலை செய்யும்போது 65 வொட் அளவு மின்சாரத்தை உறிஞ்சி, ஏறக்குறைய முழுவதையும் வெப்பமாக வெளியே விடுகிறது. பழைய 60 வொட் குமிழ் விளக்கை எரியும்போது தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். அதே சூடு இங்கே நகத்தளவு இடத்துக்குள் பிறக்கிறது.

அதை வெளியேற்றுவதற்காக மூடியின் மேல் ஓர் உலோகக் கட்டியை அழுத்திப் பொருத்துகிறார்கள். அதில் சீப்புப் பற்கள் போல மெல்லிய தகடுகள் நிற்கும். விசிறி அவற்றினூடே காற்றை ஊதும். கடைகளில் 'ஹீட் சிங்க்' என்று சொல்லும் இந்தக் கட்டியை நாம் வெப்பவாங்கி என்று அழைப்போம்.

மூடியும் வெப்பவாங்கியும் தொடும் முகங்கள் மினுங்கும். விரலால் தடவினால் வழவழப்பாகவே தெரியும். நுணுக்குக்காட்டிக்குக் கீழே பார்த்தால் கதை வேறு: மேடு, பள்ளம், கீறல், பிளவு. இரண்டு பலாப்பழங்களை எடுத்து ஒன்றோடொன்று அழுத்திப் பாருங்கள். எவ்வளவு பலம் கொடுத்தாலும் முள் நுனிகள் சில தொடும்; முள்ளுக்கும் முள்ளுக்கும் இடையில் இடைவெளி அப்படியே இருக்கும். மினுங்கும் இரண்டு உலோக முகங்கள் தொடுவதும் இந்த விதமாகத்தான். தொட்டுக்கொள்வதாக நாம் நினைக்கும் பரப்பில் பெரும்பகுதி உண்மையில் தொடுவதே இல்லை.

இடைவெளியில் இருப்பது காற்று. இங்கேதான் வில்லங்கம் தொடங்குகிறது.

உதட்டில் வைத்துப் பார்த்த கல்

ஒரு பொருளினூடே வெப்பம் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதைச் சொல்லும் எண்ணுக்கு வெப்பக் கடத்தாறு என்று பெயர். பெயர் பாடப்புத்தகத்தில் வருவது என்றாலும், எஹலியகொட இருக்கும் சப்ரகமுவ மாகாணத்தின் கல் வியாபாரிகளுக்கு விஷயம் பழக்கமானது. சந்தேகமான கல்லை உதட்டில் வைத்துப் பார்ப்பது பழைய உபாயம். நீலக்கல் குளிரும்; கண்ணாடி அவ்வளவு குளிராது. இரண்டும் ஒரே அறையில், ஒரே வெப்பநிலையில் இருந்தவைதான். நீலக்கல் உதட்டின் சூட்டை வேகமாக உள்ளே இழுத்துக்கொள்வதால் குளிர்வது போலத் தெரிகிறது. வைரத்தைச் சோதிக்கும் சிறு மின்கருவியும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதன் சூடான முனை கல்லைத் தொட்டதும் எவ்வளவு விரைவாக ஆறுகிறது என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறது.

அந்த எண்களை வரிசையாக வைத்துப் பார்ப்போம். செம்புக்கு ஏறக்குறைய 400. அலுமினியத்துக்கு 200க்குச் சற்று மேல். நீலக்கல்லுக்கு 30, 40 அளவில். கண்ணாடிக்கு 1. அசையாமல் நிற்கும் காற்றுக்கு 0.026.

அதாவது செம்பு காற்றைவிடப் பதினையாயிரம் மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துகிறது. மார்கழிக் குளிரில் கம்பளிக்குள் சுருண்டு படுக்கும்போது உடம்புச் சூட்டைக் காப்பது, கம்பளி நூலைவிட அதற்குள் சிக்கி நிற்கும் காற்றுத்தான். சில்லுக்கும் வெப்பவாங்கிக்கும் நடுவே அந்தப் பலாமுள் இடைவெளிகளில் சிக்கிய காற்றும் ஒரு கம்பளி. வெளியேற வேண்டிய சூட்டை அது போர்த்தி வைக்கிறது.

இப்போது வெள்ளைச் சேற்றின் காரணம் விளங்கும். அதன் கடத்தாறு பெரும்பாலும் 1இலிருந்து 10க்குள். செம்போடு ஒப்பிட்டால் அவமானம்தான். ஆனால் அது போட்டியிடுவது செம்போடு அல்ல, காற்றோடு. 4 என்ற கடத்தாறு உள்ள சேறு காற்றைவிட நூற்றைம்பது மடங்கு மேல். பள்ளங்களில் புகுந்து காற்றைத் துரத்திவிட்டு அந்த இடத்தில் உட்காருவது மட்டுமே அதன் வேலை. உலோகம் உலோகத்தைத் தொடும் இடத்தில் அது இல்லாமல் இருப்பதே நல்லது.

கடையில் இதைத் 'தெர்மல் பேஸ்ட்' என்பார்கள். பேஸ்ட் என்றதும் ஒட்டும் பசை என்று நினைத்துத் தாராளமாகப் பூசுகிறவர்கள் உண்டு. வெப்பவாங்கியைப் பிடித்து வைப்பது திருகாணிகளும் கொக்கிகளும். ஆகையால் இதைப் பசை என்னாமல் வெப்பக் களிம்பு என்போம்.

களிம்புக்குள் சப்ரகமுவ

களிம்பில் இரண்டு பங்காளிகள்: ஓர் எண்ணெய், ஒரு பொடி. எண்ணெய் பெரும்பாலும் சிலிக்கோன் எண்ணெய். சூட்டில் எளிதில் ஆவியாகாதது. அதன் கடத்தாறு காற்றைவிட ஆறு மடங்கு அளவில்தான் கூட. எனவே வெப்பத்தைக் கொண்டு செல்லும் உண்மையான வேலைக்காரன் பொடி. எண்ணெய் அந்தப் பொடியைப் பள்ளங்களுக்குள் தூக்கிச் செல்லும் வண்டி.

அந்தப் பொடிகளின் பெயரைக் கேட்டால் இந்த மாகாணத்துக்காரர்களுக்குச் சொந்தக்காரரைக் கண்டது போல இருக்கும்.

மலிவான வெள்ளைக் களிம்புகளில் இருப்பது பெரும்பாலும் நாக ஒட்சைட்டு, அதாவது துத்தநாகமும் ஒட்சிசனும் சேர்ந்த வெள்ளைத்தூள். எஹலியகொடத் தோட்டங்களில் வடியும் இறப்பர் பால் டயராக மாறும்போது, கந்தகத்தின் வேலையை முடுக்கிவிடுவதற்காகச் சேர்ப்பதும் இதே தூளைத்தான். 

இன்னொரு வகைக் களிம்பில் அலுமினியம் ஒட்சைட்டு இருக்கும். இதன் பளிங்கு வடிவத்துக்குத் தமிழில் குருந்தம் என்று பெயர். 'கொரண்டம்' என்ற ஆங்கிலப் பெயரே இந்தச் சொல்லிலிருந்து போனதுதான். குருந்தத்துக்குள் துளியளவு இரும்பும் தைத்தேனியமும் கலந்தால் நீலக்கல். குரோமியம் கலந்தால் சிவப்பு மாணிக்கம். 'இல்லம்' என்று சொல்லும் சரளை அடுக்குவரை குழி தோண்டி, கூடையில் அலசித் தேடும் பொருளின் நிறமற்ற ஏழைத் தம்பி, ஒரு சிறு ஊசிக்குழாயில் அடைபட்டுக் கணினிக் கடைக்கு வருகிறான்.

மூன்றாவது சொந்தக்காரர் காரீயம், அதாவது பென்சிலுக்குள் இருக்கும் கரி. கேகாலை மாவட்டத்துப் போகலைச் சுரங்கத்தில் பாறைப் பிளவுகளுக்குள் நரம்பு போல ஓடும் காரீயம் உலகறிந்தது. களிம்புக்குப் பதிலாக வைக்கும் மெல்லிய கரித்தாள்களும் காரீயத்தால் ஆனவைதான்.

குருந்தத்தைப் பற்றி ஒன்றை ஞாபகத்தில் வைத்திருங்கள். கடினத்தை அளக்கும் பத்துப்படி அளவுகோலில் வைரத்துக்கு 10, குருந்தத்துக்கு 9, செம்புக்கு 3. அரத்தாளில் ஒட்டியிருக்கும் மணலும் பல வேளைகளில் அலுமினியம் ஒட்சைட்டுத்தான். துடைக்கும் கட்டத்தில் இது முக்கியமாகும்.

களிம்பு ஏன் காய்கிறது?

கணினி சூடாகும்போது உலோகம் மிகக் கொஞ்சம் விரிகிறது, அணைத்ததும் சுருங்குகிறது. சில்லும் மூடியும் வெப்பவாங்கியும் ஒரே அளவில் விரிவதில்லை. நாளொன்றுக்குச் சில தடவை என்று வருடக்கணக்காக இந்த மூச்சு வாங்கல் நடக்கும்போது, நடுவிலிருக்கும் களிம்பு கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குப் பிதுக்கப்படுகிறது. எண்ணெய் பொடியை விட்டுப் பிரிந்து கசிகிறது. மிஞ்சிய பொடி இறுகி, வெடித்து, கட்டியாகிறது. வண்டி போய்விட்டது, சுமை மட்டும் வழியில் கிடக்கிறது. வெடிப்புகளுக்குள் பழைய எதிரியான காற்று திரும்பி வந்து குந்திக்கொள்கிறது.

காய்ந்ததன் மேல் புதியதைப் பூசினால் என்ன ஆகும்? வெடிப்புகள் ஓரளவு அடையும். ஆனால் இறுகிய கட்டிகள் இரண்டு தட்டுகளையும் விலக்கியே வைத்திருக்கும். அம்மிக்கும் குழவிக்கும் நடுவே ஒரு சிறு கல் சிக்கினால் எவ்வளவு தண்ணீர் தெளித்தும் அரைபடாது. கல்லை எடுத்தால்தான் அரைபடும். பழைய களிம்பைத் துடைப்பது அழகுக்கோ ஆசாரத்துக்கோ அல்ல. தூரத்தைக் குறைப்பதற்கு.

ஒரு சின்னக் கணக்கு

அந்தத் தூரத்துக்கு என்ன விலை? நம் போட்டோப் பிரதிக் கடைக் கணினியையே எடுத்துக்கொள்வோம். சில்லு 65 வொட். மூடி மூன்று சென்ரிமீற்றர்ச் சதுரம். வெப்பம் மூடி முழுவதும் சமமாகப் பரவுகிறது என்று வைத்துக்கொள்வோம். களிம்பின் ஒரு பக்கத்துக்கும் மறு பக்கத்துக்கும் எத்தனை பாகை வித்தியாசம் விழும் என்பதே கேள்வி.

கடத்தாறு 4 உள்ள புதிய களிம்பு, தலைமயிரைவிட மெல்லியதாக 0.05 மில்லிமீற்றர் தடிப்பில் இருந்தால் வித்தியாசம் சுமார் 1 பாகை. கவனிக்கத் தேவையில்லாத அளவு.

அதே நல்ல களிம்பை ரொட்டியில் பட்டர் பூசுவது போல அரை மில்லிமீற்றர் தடிப்பில் அப்பிவிட்டால் வித்தியாசம் சுமார் 9 பாகை. பொருள் மாறவில்லை, தூரம் மட்டும் பத்து மடங்கு கூடியது, தண்டனையும் பத்து மடங்காக ஏறியது.

காய்ந்து வெடித்த களிம்பு, தடிப்பு 0.1 மில்லிமீற்றர், காற்று புகுந்ததால் கடத்தாறு 0.5க்கு இறங்கிவிட்டது என்று கொண்டால் சுமார் 14 பாகை.

களிம்பே இல்லாமல், 0.05 மில்லிமீற்றர் இடைவெளி முழுவதும் காற்று நிற்கிறது என்று கற்பனை செய்தால் சுமார் 140 பாகை. நிசத்தில் பலாமுள் நுனிகள் தொடுவதால் இவ்வளவு மோசமாகாது. ஆனால் கம்பளியின் பலம் என்ன என்பதை இந்த எண் காட்டிவிடுகிறது.

14 பாகை சின்ன எண்ணாகத் தோன்றலாம். எஹலியகொட மத்தியானத்தில் தகரக் கூரைக்குக் கீழே அறையே 30 பாகையைத் தாண்டி நிற்கும். அதற்கு மேல் வெப்பவாங்கியின் சூடு, சில்லுக்குள்ளே ஏறும் சூடு எல்லாம் அடுக்கடுக்காகச் சேர்ந்து எண்பதைத் தொட்டிருக்கும் நேரத்தில் இந்தப் 14 வந்து சேர்கிறது. பல சில்லுகள் 100 பாகையை நெருங்கியதும் தம்மைக் காப்பாற்றிக்கொள்ள முதலில் வேகத்தைக் குறைக்கும். அதுவும் போதாவிட்டால் அணைந்துவிடும். ஊர்ந்து வந்த எழுத்துகளுக்கும் இருண்ட திரைக்கும் காரணம் இதுதான்.

திறப்பதற்கு முன்

சூடாகும் எல்லாக் கணினிக்கும் களிம்பு காரணமாகாது. முதலில் வெப்பவாங்கியின் சீப்புப் பற்களைப் பாருங்கள். வீதியோரக் கடைகளில் அங்கே தூசி மெத்தை போலப் படிந்திருக்கும். கணினியை அணைத்து, விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, மென்மையான தூரிகையால் அதைத் தட்டி எடுங்கள். அதிலேயே இரைச்சல் அடங்கினால் களிம்பைத் தொட வேண்டாம். நன்றாக உட்கார்ந்திருக்கும் களிம்பைச் சும்மா கலைப்பதில் இலாபமில்லை.

கலைக்கத்தான் வேண்டும் என்றால், முதலில் கணினியைப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். குளிர்ந்த களிம்பு இறுகியிருக்கும், இளஞ்சூட்டில் இளகும். பிறகு அணைத்து, பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, தொடக்கப் பொத்தானைச் சில செக்கன்கள் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரத்தில் பெரும்பகுதி இறங்கிவிடும். சுவரிலிருந்து 230 வோல்ற்று வாங்கும் மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள்.

அடுத்தது நிலைமின். நம் உடம்பில் சேர்ந்திருக்கும் மின்னேற்றம் ஏறக்குறைய 3,000 வோல்ற்றைத் தாண்டினால்தான் விரலில் 'சுரீர்' என்று தெரியும். சில்லுகளுக்குக் கேடு செய்ய அதைவிட மிகக் குறைவானதே போதும். வருடத்தில் பாதி நாள் ஈரக்காற்று வீசும் இந்தப் பகுதியில் நிலைமின் அவ்வளவு சேராது என்பது ஓர் ஆறுதல். இருந்தாலும் வேலை தொடங்குமுன் பெட்டியின் வெறும் உலோகத்தை ஒரு தடவை தொட்டுக்கொள்வது நல்ல பழக்கம்.

தூக்காதீர்கள், திருப்புங்கள்

திருகாணிகளை ஒன்றைக் கழற்றி முடித்து அடுத்ததற்குப் போகாமல், குறுக்கு மூலைகளாக மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். பிறகு வெப்பவாங்கியை நேரே மேலே இழுக்காமல், போத்தல் மூடியைத் திருப்புவது போல இடமும் வலமும் மெல்ல அசையுங்கள். களிம்பின் பிடி விட்டதும் தானாக வந்துவிடும்.

இழுத்தால் என்ன? ஏ.எம்.டி. நிறுவனத்தின் பழைய மேசைக் கணினிச் சில்லுகள் பலவற்றில் ஊசிகள் சில்லின் அடியிலேயே இருக்கும். இறுகிய களிம்பு சில்லைக் கவ்விப் பிடித்து, பூட்டியிருக்கும் தாங்கியிலிருந்தே அதைப் பிடுங்கி எடுத்துவிடும். நூற்றுக்கணக்கான ஊசிகளில் ஒன்று வளைந்தாலும் பெரிய தலையிடி. இன்டெல் 2004ஆம் ஆண்டளவில் ஊசிகளைத் தாய்ப்பலகைக்கு மாற்றிவிட்டது, ஏ.எம்.டி. 2022இல் அதே வழிக்கு வந்தது. அந்த வகையில் ஆபத்து இடம் மாறியதே தவிர மறையவில்லை. சில்லைக் கழற்றினால் தாய்ப்பலகையில் தெரியும் ஊசி வயலில் துணியோ விரலோ படக்கூடாது. ஆகையால் துடைக்கும்வரை சில்லைத் தாங்கியிலேயே இருக்க விடுவது புத்திசாலித்தனம்.

துடைப்பு

முதலில் உலர்ந்த துடைப்பு. கட்டியாக நிற்பதைக் கத்தியாலோ திருப்புளியாலோ சுரண்ட வேண்டாம். சிம் கார்டைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சும் பிளாஸ்டிக் அட்டையின் விளிம்பு போதும், செம்பைக் கீறாது. நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளினால் களிம்பு தாய்ப்பலகையில் சிந்தும். எனவே ஓரத்திலிருந்து நடுவுக்குக் கூட்டி, துணியால் அள்ளி எடுங்கள். குருந்தத்தின் கடினம் ஞாபகம் இருக்கிறதல்லவா? காய்ந்த களிம்பை அழுத்தித் தேய்ப்பது செம்பை அரத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். பலம் வேண்டாம்.

அடுத்தது ஈரத் துடைப்பு. இதற்குச் சிறந்தது ஐசோபுரொப்பைல் அற்ககோல், 90 வீதத்துக்கு மேல் தூய்மையானது. இது களிம்பைச் சீனி போலக் கரைத்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். நாகமும் குருந்தமும் எந்தச் சாராயத்திலும் கரையமாட்டா. அற்ககோல் எண்ணெயை இளக்கி, பொடி உலோகத்தைப் பற்றியிருக்கும் பிடியைத் தளர்த்துகிறது. தளர்ந்த பொடியைத் தூக்கி எடுப்பது துணியின் வேலை. அதனால் அழுக்கான முனையாலேயே திரும்பத் திரும்பத் துடைத்தால் பொடி இடம் மாறுமே தவிர வெளியேறாது. ஒவ்வொரு தடவையும் துணியின் புதிய பக்கம் வேண்டும். பல தடவை துவைத்து நூல் உதிர்வது நின்றுபோன பழைய பருத்திச் சாரத் துண்டு இதற்கு மிகப் பொருத்தம். கழிவறைக் கடதாசி நார் உதிர்க்கும். ஒரு நாரின் தடிப்பே நம் 0.05 மில்லிமீற்றர்க் கணக்கைக் குழப்பப் போதும்.

அற்ககோலைத் துணியில் நனையுங்கள். சில்லின் மேல் ஊற்ற வேண்டாம். மிகவும் இறுகிய இடத்தில் நனைந்த துணியை ஓரிரு நிமிடம் அப்படியே போட்டு வைத்தால் ஊறி இளகும். கடைசியாகப் புதிய துண்டு ஒன்றால் துடைத்து, அது சுத்தமாகவே வந்தால் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு அந்த உலோக முகத்தை விரலால் தொடாதீர்கள்; விரல் ரேகையும் ஓர் எண்ணெய்ப் படலம்தான்.

ஏன் 90 வீதம்? பாமசியில் கிடைக்கும் 70 வீதத்தில் மீதிப் பெரும்பங்கு தண்ணீர். அது எண்ணெயை இளக்காது, நம் ஈரக்காற்றில் சீக்கிரம் உலரவும் மாட்டாது. அதைத் தவிர வேறு கிடைக்காவிட்டால் பயன்படுத்தலாம். உலர்வதற்கு நேரம் தாராளமாகக் கொடுங்கள். தூய அற்ககோல் போத்தலைத் திறந்து வைத்தால் காற்றிலிருந்து தண்ணீரை அதுவே உறிஞ்சிக்கொள்ளும். இரத்தினபுரி மாவட்ட மழைக்காலத்தில் மூடியை உடனே மூடுவது சிக்கனமும்கூட.

அலுமாரியிலேயே இருக்கட்டும்

கைகழுவும் சனிட்டைசர் ஜெல்லிலும் அற்ககோல் இருக்கிறது. கூடவே கையை மென்மையாக்கும் கிளிசரினும் தடிப்பாக்கும் பொருளும் இருக்கின்றன. அற்ககோல் பறந்துவிடும், மற்றவை படிந்து நிற்கும். காயத்துக்குப் பூசும் சில ஸ்பிரிட் வகைகளில் ஆமணக்கெண்ணெய் சேர்ந்திருக்கும். ஓர் எண்ணெயை எடுத்து இன்னோர் எண்ணெயை வைத்த கதையாகும். மண்ணெண்ணெயும் பெற்றோலும் படலம் விடும், தீயையும் அழைக்கும். நகப்பூச்சு அகற்றியிலும் தின்னரிலும் உள்ள கரைப்பான்கள் பிளாஸ்டிக்கைத் தின்னும். தேசிக்காய்ச் சாறு பித்தளைக் குத்துவிளக்குக்குச் சரி. இங்கே அமிலத்துக்கு வேலையில்லை.

அற்ககோலுக்கும் ஒரு கோபம் உண்டு. 12 பாகை செல்சியஸ் அளவிலேயே அதன் ஆவி தீப்பற்றக்கூடியது. அதாவது நம் அறை வெப்பநிலையில் எப்போதுமே தயாராக இருக்கிறது. ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் மேசையிலிருந்து வழிந்து தரையோடு பரவும். மேசைக்கு அடியில் புகையும் நுளம்புத்திரி, சாமிப்படத்துக்கு முன் எரியும் விளக்கு, பக்கத்து அறை அடுப்பு எல்லாம் அணைந்திருக்க வேண்டும். யன்னல் திறந்திருக்க வேண்டும். நனைந்த துணிகளை வெளியே உலர விட்டுக் குப்பையில் போடுங்கள், விறகடுப்புக்குள் போடாதீர்கள். மீதியைக் குடிதண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். பெயரில் அற்ககோல் இருந்தாலும் அது நஞ்சு. நிறமில்லாத திரவத்தைப் பார்த்துக் குழந்தைக்கோ தாகத்தோடு வந்தவருக்கோ வித்தியாசம் தெரியாது.

சாதாரண வெள்ளைக் களிம்பு தோலில் பட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போதும். சாப்பிடுவதற்கு முன்னும் கண்ணைத் தொடுவதற்கு முன்னும் கழுவிவிடுங்கள்.

வெள்ளி போல மினுங்கினால்

திறந்ததும் வெள்ளை, சாம்பல் களிம்புக்குப் பதிலாகப் பாதரசம் போல ஓடும் துளிகள் தெரிந்தால் நிறுத்துங்கள். அது திரவ உலோகம்: கல்லியம் கலந்த உலோகக் கலவை. தூய கல்லியம் 30 பாகைக்குச் சற்றுக் குறைவிலேயே உருகிவிடும். எஹலியகொட மத்தியானத்தில் மேசை மேலேயே உருகும். 1871இல் மெண்டலீவ், அலுமினியத்துக்குக் கீழே ஒரு தனிமம் இருக்கத்தான் வேண்டும் என்று கண்ணால் காணாமலே சொன்னார். 1875இல் பிரான்சில் கண்டெடுத்தது இதைத்தான். அலுமினியத்தின் உறவான இது அலுமினியத்துக்கே பகை. உள்ளே ஊடுருவி, உறுதியான கட்டியையும் பிஸ்கட் போல நொறுங்க வைக்கும். மின்சாரத்தையும் கடத்துவதால், சிந்திய ஒரு துளி தாய்ப்பலகையைச் சாகடிக்கலாம். பழக்கமில்லாதவர்கள் இதைத் தெரிந்தவர் கையில் விடுவதே சரி.

மடிக்கணினிகளிலும் கவனம் தேவை. பலவற்றில் உலோக மூடி இருக்காது. சில்லு வெறுமனே கண்ணாடி போல மினுங்கும். விளிம்பில் அழுத்தினால் உடையும். சுற்றிலும் எள்ளளவு மின்கூறுகள் நிற்கும். அங்கே பிளாஸ்டிக் அட்டையைக்கூடத் தள்ளி வைத்துவிட்டு, நனைத்த பஞ்சுக்குச்சியால் மட்டும் வேலை செய்யுங்கள்.

பயறளவு

துடைத்த முகங்கள் உலர்ந்தபின், மூடியின் நடுவில் பயறளவு புதிய களிம்பு வைத்து, வெப்பவாங்கியை நேராக இறக்கி, திருகாணிகளைக் குறுக்கு மூலைகளாக இறுக்குங்கள். அழுத்தமே அதைப் பரப்பிவிடும். கூடப் போட்டால் என்ன என்று கை அரிக்கும்போது, அந்த 9 பாகைக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த மூன்றாவது கேள்விக்குத் திரும்புவோம். பழசு மேலேயே பூசினால் போதாதா? இந்தக் கேள்விக்கு ஏ-4 வீதியின் இரு பக்கத்திலும் விடியற்காலையில் பதில் நடந்துகொண்டிருக்கிறது. இறப்பர் மரத்தடிக்கு வரும் தொழிலாளி கத்தியை வைப்பதற்கு முன் செய்யும் வேலை ஒன்று உண்டு. நேற்று வெட்டிய தடத்தில் பால் காய்ந்து நாடா போல ஒட்டியிருக்கும். அந்த ஒட்டுப்பாலை நுனியில் பிடித்து, ஒரே இழுப்பில் உரித்து, கூடைக்குள் போடுகிறார். அதன் பிறகே புதிய வெட்டு. உரிக்காமல் வெட்டினால் புதுப்பால் தடம் தெரியாமல் பட்டையில் வழிந்து வீணாகும்.

கணினிக்குள் ஓடுவது பாலுக்குப் பதில் வெப்பம், அவ்வளவுதான். அதன் தடத்திலும் நேற்றையது காய்ந்து கிடக்கிறது. உரித்துவிட்டால் ஓடும்.